அரசு வழக்கறிஞரும் ரசிகரும் பார்த்த ஒரே படம்

நகிஸா ஓஷிமாவைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் 1976-இல் போய் விழுந்துவிடுகிறது. 'இன் தி ரெல்ம் ஆஃப் தி சென்சஸ்' என்ற பெயரில் உலகறிந்த அந்த ஒரு படத்தை வைத்தே அவருக்குக் 'கலகக்காரர்' என்ற பட்டம் கட்டப்படுகிறது. காமத்தை மறைக்காமல் காட்டினார், தணிக்கையை எதிர்த்தார், நீதிமன்றத்தில் நின்றார், ஆகவே பெரிய கலைஞர் என்பது வாதம். உலகெங்கும் உள்ள திரைப்பட ரசிகர்கள் இதைச் சொல்கிறார்கள். 'கலகம்' என்ற சொல்லை ஒரு தலைமுறைக் காலமாகப் புழங்கிப் புழங்கித் தேய்த்துவிட்ட நம் இலக்கிய நண்பர்களும் இதையே சொல்கிறார்கள்.

இந்தப் பாராட்டு ஓஷிமாவுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதே என் கட்சி. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், அவரைக் கூண்டில் ஏற்றிய டோக்கியோ அரசு வழக்கறிஞரும், அதே காரணத்துக்காக அவரைத் தோளில் தூக்கி ஆடும் ரசிகரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். இருவர் கண்ணுக்கும் தெரிந்தவை இரண்டு உடல்கள் மட்டுமே. ஒருவர் அதைக் குற்றம் என்றார், மற்றவர் சாதனை என்கிறார். பார்வை ஒன்றுதான்.

வழக்கின் விவரத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். படத்துக்குப் பணம் போட்டவர் பிரெஞ்சுத் தயாரிப்பாளர் அனதோல் தோமான். பிரான்சிலிருந்து வந்த கச்சாச் சுருளில் கியோட்டோவில் படம்பிடித்தார்கள். கழுவப்படாத நெகட்டிவ் மீண்டும் பிரான்சுக்கே அனுப்பப்பட்டது. ஜப்பானியச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் ஒரு ஜப்பானியப் படத்தை எடுத்து முடிக்க அன்றைக்குக் கண்டுபிடித்த வழி அது. 1976-இல் கான் விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படம் ஜப்பானுக்குள் வெட்டுகளோடும் மங்கலாக்கப்பட்ட காட்சிகளோடும்தான் நுழைய முடிந்தது. அரசு கடைசியில் கைவைத்தது ஒரு புத்தகத்தின் மீது. திரைக்கதையையும் சில புகைப்படங்களையும் சேர்த்து வெளியான நூலின் மீது குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு பாய்ந்தது. 1979-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஓஷிமாவை விடுவித்தது. 1982-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஓஷிமா வென்றார் என்று எழுதுவது வழக்கம். அவர் அந்த வெற்றியைக் கேட்கவே இல்லை என்பதை யாரும் எழுதுவதில்லை. தன் நூல் ஆபாசமற்றது என்று மன்றாடுவதற்கு மாறாக, ஆபாசமாக இருந்தால்தான் என்ன கேடு என்று அவர் நீதிமன்றத்தைக் கேட்டார். வெளிப்படுத்தப்பட்ட எதிலும் ஆபாசம் இல்லை, மறைத்து வைக்கப்படுவதில்தான் அது பிறக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நீதிமன்றம் புத்தகத்தை விடுவித்தது, சட்டத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. 175-ஆம் பிரிவு இன்றும் இருக்கிறது.

மறைக்கப்படுவதே ஆபாசம் என்ற இந்த வாதத்தை ரசிகர்கள் படுக்கையறை வாசலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஓஷிமாவோ அதை ஒரு தேசம் முழுவதற்கும் பொருத்தினார். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டும். தகுதி வழக்கு என்று மூன்றை நம் இலக்கணிகள் வகுத்திருக்கிறார்கள். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலம் அல்லாததை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பது போல. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி பேசிக்கொள்வது குழூஉக்குறி. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது இவை நாகரிகம். ஓர் அரசு இவற்றைக் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு ஜப்பான் நல்ல பாடநூல். போர்முனையிலிருந்து பின்வாங்கியதைப் பேரரசின் ராணுவம் 'திசை மாற்றி முன்னேறுதல்' என்ற பொருள்படும் சொல்லால் அறிவித்தது. 1945 ஆகஸ்ட் 15 ஜப்பான் தோற்ற நாள். அந்த நாளுக்கு அங்கே வழங்கும் பெயரோ 'போர் முடிந்த நாள்'. தோல்வி தானாக வந்து தானாகப் போன மழையைப் போல ஆகிவிட்டது. யார் தொடங்கினார்கள், யாரைக் கொன்றார்கள், யாரைக் கைவிட்டார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. சுடுகாடு நன்காடாகிவிட்டது.

ஓஷிமா தன் வாழ்நாளில் எடுத்த இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை இந்த நன்காட்டைத் தோண்டியவை. அவரைக் கலகக்காரர் என்று சொல்வதானால் இந்தக் காரணத்துக்காகச் சொல்ல வேண்டும்.

1932-இல் பிறந்தவர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தபோது மாணவர் இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார். 1954-இல் ஷோச்சிகு நிறுவனத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். ஓஸுவும் கினோஷிட்டாவும் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் அது. குடும்பத்தின் கண்ணீரும் ஆறுதலும் அதன் வியாபாரச் சின்னங்கள். அங்கிருந்துகொண்டு 1959-இல் தன் முதல் படத்தை எடுத்தார். ஏழைச் சிறுவன் ஒருவன் தன் புறாவை விற்கிறான். புறா வீடு திரும்பிவிடும். திரும்பி வந்ததை மறுபடியும் விற்கிறான். வாங்கிய பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு உண்மை தெரிந்தபின், கடைசியில் அந்தப் புறா அவளுடைய அண்ணனின் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தப்படுகிறது. படத்துக்கு ஓஷிமா வைத்த பெயர் 'புறா விற்ற சிறுவன்'. நிறுவனம் அதை 'அன்பும் நம்பிக்கையும் நிறைந்த ஊர்' என்ற பொருள்படும் தலைப்பாக மாற்றியது. நன்காடு என்று சொன்னேனே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. பணக்காரனும் ஏழையும் ஒருநாளும் கைகோக்க முடியாது என்று இந்தப் படம் சொல்கிறது என்பதுதான் நிறுவனத் தலைவருக்கு வந்த கோபம். அவர் படத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

இந்தப் படத்தில் ஒரு நிர்வாணம்கூட இல்லை. ஓஷிமாவின் கலகத்தை உடலில் தேடுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

மறு ஆண்டு 'இளமையின் கொடூரக் கதை' வந்தது. அது அவருடைய முதல் வண்ணப் படம். அதில் பச்சை நிறம் கூடாது என்று அவர் தனக்குத்தானே விதித்துக்கொண்டார். பச்சை மனத்தை இளக்குகிறது, வீட்டுத் தோட்டத்தையும் அதன் ஆறுதலையும் நினைவூட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணம். தரையில் பாயில் அமர்ந்து பேசும் காட்சிகளையும் விலக்க முயன்றார். ஓஸுவின் உலகம் முழுவதும் அந்தப் பாயின் மீதுதான் அமர்ந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விலக்கின் பொருள் புரியும். தேசம் தன் புண்ணின் மேல் போட்டுக்கொள்ளும் பச்சிலைக் கட்டை அவிழ்ப்பதே நோக்கம். பார்வையாளரை அதிரவைத்துக் கைதட்டல் வாங்கும் ஆள் ஒரு நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டார்.

அதே 1960-இன் அக்டோபரில் 'ஜப்பானில் இரவும் மூடுபனியும்' வெளியானது. அமெரிக்க ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிராக லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கித் தோற்ற ஆண்டு அது. போராட்டத்தில் சந்தித்துக்கொண்ட இருவரின் திருமண விருந்தில் படம் நடக்கிறது. விருந்தினர்கள் எழுந்து ஒருவரையொருவர் குற்றம்சாட்டத் தொடங்குகிறார்கள். பத்தாண்டுக்கு முந்தைய மாணவர் இயக்கத்தில் ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுத் தற்கொலை செய்துகொண்ட ஒரு தோழரின் கதை மேலே வருகிறது. ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் ஐம்பதுக்கும் குறைவான ஷாட்கள்தான். வெட்டித் தப்பிக்க வழியில்லாமல் கேமரா ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. கட்சித் தலைமையின் குழூஉக்குறியை இடதுசாரி ஒருவரே சபையில் உடைத்த படம் அது. அரசுக்குப் பிடிக்கவில்லை, கட்சிக்கும் பிடிக்கவில்லை. அக்டோபர் 12 அன்று சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமா பொதுமேடையிலேயே பதினேழு வயது வலதுசாரி இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். அதையொட்டி, வெளியாகி ஒரு வாரம்கூட ஆகாத படத்தை ஷோச்சிகு திரும்பப் பெற்றுக்கொண்டது. வசூல் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த மாத இறுதியில் நடிகை அகிகோ கோயாமாவுடன் நடந்த தன் திருமண விருந்தையே ஓஷிமா நிறுவனத்துக்கு எதிரான கண்டனக் கூட்டமாக மாற்றினார். அடுத்த ஆண்டு நிறுவனத்தை விட்டு வெளியேறித் தன் சொந்த அமைப்பைத் தொடங்கினார்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன். 1963-இல் நிப்பான் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த ஆவணப்படம் அது. அரை மணி நேரம்கூட ஓடாது. 'மறக்கப்பட்ட பேரரசப் படை' என்று பெயர். பேரரசின் ராணுவத்தில் ஜப்பானியராகச் சேர்க்கப்பட்டுப் போரிட்டுக் கைகால்களையும் கண்களையும் இழந்த கொரியர்கள் சிலர் வெள்ளை உடையில் டோக்கியோ தெருக்களில் கையேந்துகிறார்கள். அவர்களுடைய கொரிய நாடு அன்றைக்கு ஜப்பானின் காலனி. ஆகவே படையில் சேர்க்கும்போது அவர்கள் ஜப்பானியர்கள். 1952-இல் அமைதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை போய்விட்டது. ஆகவே ஓய்வூதியம் கொடுக்கும்போது அவர்கள் அந்நியர்கள். ஜப்பானிய அரசிடம் போகிறார்கள், கதவு திறப்பதில்லை. தென்கொரியப் பிரதிநிதிகளிடம் போகிறார்கள். இது ஜப்பான் பட்ட கடன் என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். பிறகு ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிறார்கள், தங்களுக்குள் சண்டையிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். பார்வையற்ற அந்தக் குழிகளிலிருந்து கண்ணீர் வருகிறது. கேமரா விலகவில்லை. இது சரிதானா என்று ஜப்பானியரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வர்ணனை முடிகிறது.

ஓஷிமாவின் படங்களில் மிகவும் 'ஆபாசமானது' எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், அவரே அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருளில். தெருவில் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தும் யாரும் பார்க்காதிருந்த மனிதர்களை அவர் வீட்டுக்கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்தார். பின்னாளில் அவர் நீதிமன்றத்துக்கு எடுத்துச்சென்ற வாதம் 1963-இலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது.

இந்தத் தோண்டல் அதன்பின் ஆழமாகிக்கொண்டே போனது. 1968-இல் வந்த 'தூக்குத் தண்டனை'யை எடுத்துக்கொள்வோம். 1958-இல் இரு கொலைகள் செய்து, 1962-இல் தூக்கிலிடப்பட்ட கொரிய இளைஞர் ஒருவரின் வழக்கிலிருந்து உருவான படம். மரண தண்டனையை ஒழிக்கக் கூடாது என்று கருத்துக் கணிப்பில் 71 விழுக்காட்டினர் சொன்னதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டு, நீங்கள் தூக்குமேடையைப் பார்த்ததுண்டா என்று படம் நம்மைக் கேட்கிறது. பிறகு காட்டுகிறது: கட்டடம், அறை, திரை, கயிறு, கீழே திறக்கும் பலகை. ஆர் என்று மட்டும் பெயரிடப்பட்ட கைதியைத் தூக்கிலிடுகிறார்கள். அவன் உடல் சாக மறுக்கிறது. நினைவிழந்து எழுகிறான். தான் யார் என்பதை அறியாதவனைச் சட்டப்படி மறுபடி தூக்கிலிட முடியாது. ஆகவே அதிகாரிகள், மருத்துவர், பாதிரியார் எல்லாரும் சேர்ந்து அவனுடைய குற்றத்தை நடித்துக்காட்டி அவனுக்கு அவனைக் கற்பிக்க முயல்கிறார்கள். கொரியன் எப்படி இருப்பான் என்ற அவர்களுடைய கற்பனை அந்த நடிப்பில் அசிங்கமாக வெளிப்படுகிறது. ஒரு கட்டத்தில் நடிப்பில் மூழ்கிய அதிகாரியே ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்துவிடுகிறார். நகைச்சுவைப் படம் இது. சிரிக்கிற வாயை எப்போது மூடுவது என்று தெரியாமல் பார்வையாளர் தவிக்கிற நகைச்சுவை. இறுதியில் தண்டனை நிறைவேறியபின் அதிகாரிகளுக்கு நன்றி சொல்லும் குரல், உங்களுக்கும் நன்றி என்று நம் பக்கம் திரும்புகிறது. 71 விழுக்காட்டினர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள், படம் பார்த்தவர்களும் உடன் நின்றார்கள் என்பது அந்த நன்றியின் பொருள். அந்தக் குரல் ஓஷிமாவுடையது.

அடுத்த ஆண்டு வந்த 'சிறுவன்' ஓடும் கார்களின் முன் விழுந்து அடிபட்டதாக நடித்துப் பணம் பறித்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் உண்மைக் கதை. தந்தை போரில் காயம்பட்டவர். நாட்டுக்குக் கொடுத்த உடலைச் சாக்காக வைத்து, பிள்ளையின் உடலைச் சாலையில் வீசிப் பிழைக்கிறார். 1971-இன் 'சடங்கு' போருக்குப் பிந்தைய ஜப்பானின் கால் நூற்றாண்டை ஒரு பெரிய குடும்பத்தின் திருமணங்களாலும் சாவுகளாலும் சொல்கிறது. அதில் ஒரு திருமண நாளன்று மணமகள் வரவே இல்லை. குடும்பத் தலைவரான தாத்தா சடங்கை நிறுத்தச் சம்மதிப்பதில்லை. மணமகள் பக்கத்தில் இருப்பதாகவே பாவித்து வெற்றிடத்தோடு திருமணம் நடந்து முடிகிறது. மங்கலம் என்ற வழக்கு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இதற்கு மேல் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு 1976-க்கு வருகிறவர்களுக்கு அந்தப் படமே வேறாகத் தெரியும். 1936 மே மாதம் டோக்கியோவில் அபே ஸதா என்ற பெண் தன் காதலனைக் கழுத்தை நெரித்துக் கொன்று அவன் உறுப்பை அறுத்துக்கொண்டு போனது நாடறிந்த செய்தி. ஓஷிமா அந்த இருவரையும் அறைகளுக்குள்ளேயே அடைத்து வைக்கிறார். ஆனால் ஒரு காட்சியில் காதலன் தெருவில் நடந்து போகிறான். எதிர்த் திசையில் படை அணிவகுத்து வருகிறது. மக்கள் கொடியசைக்கிறார்கள். அவன் தலையைக் குனிந்தபடி ஓரமாக நடந்து போய்விடுகிறான். சில நொடிகள்தான். படத்தின் முடிவில் வரும் வர்ணனை இது நடந்தது 1936-இல் என்று ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டு நிற்கிறது. அந்த ஆண்டின் பிப்ரவரியில்தான் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார்கள். மறு ஆண்டு சீனாவின் மீது முழுப் போர் தொடங்கியது. அந்த ஆண்டின் முடிவில் நான்ஜிங் நகரம் சூறையாடப்பட்டது. எதிரெதிராகப் போன அந்த இருதரப்பில் ஒருவன் தன் சம்மதத்தோடு ஓர் அறைக்குள் செத்தான். மற்றவர்கள் யாருடைய சம்மதமும் இல்லாமல் லட்சக்கணக்கானோரைக் கொல்லப் போனார்கள். முன்னதைக் காட்டினால் 175-ஆம் பிரிவு, பின்னதைக் காட்டினால் கொடி. இந்தச் சில நொடிகளைக் கவனிக்காமல் மற்ற காட்சிகளைக் கணக்கெடுத்தவர் அரசு வழக்கறிஞர். அதையே செய்கிறவர் ரசிகர்.

உடலைக் காட்டுவதே கலகம் என்றால் ஜப்பானில் அதற்கு ஓஷிமா தேவைப்பட்டிருக்கவில்லை. 1960-களிலேயே மலிவுச் செலவில் 'பிங்க்' படங்கள் குவிந்துகொண்டிருந்தன. 1971 முதல் நிக்கட்ஸு என்ற பழம்பெரும் நிறுவனமே காமப் படங்களைத் தொடர் உற்பத்தி செய்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அவற்றிலும் நல்ல இயக்குநர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். சந்தை தாராளமாக விற்றுக்கொண்டிருந்த ஒரு சரக்கைப் புரட்சி என்று அழைப்பது சந்தைக்குச் செய்யும் இலவச விளம்பரம்.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓஷிமாவின் படங்களில் பெண்கள் மீதான வன்முறை திரும்பத் திரும்ப வருகிறது. 'இளமையின் கொடூரக் கதை'யிலும் 'நண்பகல் வன்முறை'யிலும் பாலியல் பலாத்காரம் ஆண்களின் அரசியல் தோல்விக்கு உருவகமாகிவிடுகிறது. அடிபடும் பெண்ணுக்குத் தன் அடி உருவகமாக வலிக்காது. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. 1976 படத்தில் நடித்த எய்கோ மட்ஸுடா ஜப்பானில் வசைக்கு ஆளானார், பிறகு ஐரோப்பாவுக்குப் போனார், 2011-இல் இறந்தார். உடன் நடித்த ஆண் நடிகர் டட்ஸுயா ஃபுஜி இரண்டே ஆண்டில் ஓஷிமாவின் அடுத்த படத்திலேயே கதாநாயகனாக நடித்தார். படத்தின் 'துணிச்சலை'ப் பாராட்டி எழுதப்படும் கட்டுரைகளில் இந்தப் பெண்ணின் பெயர் எத்தனை முறை வருகிறது? துணிச்சல் இயக்குநருடையது என்றும், உடல் அவளுடையது என்றும் பிரித்துக்கொள்ளும் ரசனையை நான் கலகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது, அவர் விளம்பரத்தை விரும்பினார் என்பது. உண்மைதான். பிற்காலத்தில் தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சிகளில் கத்துகிற கோபக்காரராகத்தான் ஜப்பானியப் பொதுமக்கள் அவரை அறிந்தார்கள். 1990-இல் அவருடைய முப்பதாவது மணநாள் விருந்தில் எழுத்தாளர் அகியுகி நோசாகா அவரைக் குத்த, அவர் கையிலிருந்த ஒலிவாங்கியால் திருப்பி அடித்தார். அந்தக் காட்சியை இன்றும் பார்த்து ரசிக்கிறார்கள். அவருடைய படங்கள் கேட்ட கேள்வியைக் கேட்காமலிருக்க, இந்தப் பிம்பம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. கோபக்காரர் என்று முத்திரை குத்திவிட்டால் கோபத்தின் காரணத்தை விசாரிக்க வேண்டியதில்லை. அந்த முத்திரைக்கு அவரும் இடங்கொடுத்தார் என்பதை மறுக்கவில்லை. அதையே நாமும் ஏன் குத்த வேண்டும்?

மூன்றாவது, 1983-இன் 'மெர்ரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்'. டேவிட் போவியும் ரியுயிச்சி சகமோட்டோவும் டகேஷி கிடானோவும் நடித்து உலகப் புகழ் பெற்ற இந்தப் படம் ஜாவாவில் 1942-இல் இருந்த போர்க்கைதி முகாமைப் பற்றியது. தொடக்கத்திலேயே முகாமின் கொரியக் காவலன் ஒருவன் தண்டிக்கப்படுகிறான். 1963-இன் நினைவு அங்கே இருக்கிறது. ஆனால் படத்தின் மையம் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் ஜப்பானிய அதிகாரிகளுக்கும் இடையிலான மோகத்திலும் மரியாதையிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தமிழர்களாகிய நமக்கு இது வெறும் அழகியல் பிரச்சினை இல்லை. அதே பேரரசுப் படை மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம் பர்மா ரயில்பாதை போட அழைத்துச் சென்றது. 1942, 1943 ஆண்டுகளில் காட்டுக்குள் காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். உலக சினிமா அந்தப் பாதையை நினைக்கும்போது வெள்ளைக் கைதிகளின் சீட்டியொலியைத்தான் நினைக்கிறது. ஓஷிமாவிடம் நாம் குறைசொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்: 1963-இல் அவர் திறந்த கதவை 1983-இல் பாதி மூடிவிட்டார். அவரை அளக்க அவருடைய அளவுகோலே போதும். சதையைக் காட்டினாரா இல்லையா என்ற கோலை வைத்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: படத்துக்குப் படம் பாணியை மாற்றிக்கொண்டவருக்குத் தனிப்பாணி இல்லை என்று. 1960-இல் ஐம்பதுக்கும் குறைவான ஷாட்களில் படமெடுத்தவர் 1966-இன் 'நண்பகல் வன்முறை'யை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்டினார். கட்சிக் கூட்டத்தின் மூச்சுத்திணறலுக்கு நீண்ட ஷாட் தேவைப்பட்டது. கொலைகாரன் ஒருவனைப் பற்றி இரு பெண்களுக்குள் உடைந்து கிடக்கும் நினைவுக்குத் துண்டுகள் தேவைப்பட்டன. கேள்வி எதுவோ அதற்கேற்பக் கருவியை எடுத்த மனிதர் அவர். பாணியைக் கையெழுத்தாகப் போட்டுப் பழகிய கலைஞர்களை மட்டுமே மதிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாது.

1996-இல் பக்கவாதம் தாக்கியபின் உடல் முடங்கிய நிலையிலும் 1999-இல் 'கொஹாட்டோ'வை எடுத்தார். சாமுராய்ப் படை ஒன்றுக்குள் ஓர் அழகிய இளைஞன் வந்து சேர்கிறான். ஆண்களுக்கிடையிலான ஆசையைத் தன் வீரக்கதைகளில் இடக்கரடக்கலாகவே வைத்திருந்த ஒரு மரபை அந்தக் கடைசிப் படமும் சபையில் உடைத்தது. 2013 ஜனவரி 15 அன்று எண்பதாவது வயதில் ஓஷிமா மறைந்தார். உலகப் பத்திரிகைகளின் அஞ்சலிகள் அதே 1976-ஐத் தலைப்பில் வைத்தன. மறு ஆண்டு நிப்பான் தொலைக்காட்சி 'மறக்கப்பட்ட பேரரசப் படை'யை மறுபடி ஒளிபரப்பியது. அரை நூற்றாண்டாகியும் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லப்படவில்லை.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓஷிமாவைப் பற்றி இனி எழுதுவதானால், அந்தக் கறுப்புக் கண்ணாடி கழற்றப்படும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அதை முகம் திருப்பாமல் பார்த்து முடித்தபின் 1976-க்கு வாருங்கள். அதன் பிறகும் அந்தப் படத்தில் இரண்டு உடல்கள் மட்டும்தான் தெரிகின்றன என்றால், டோக்கியோ அரசு வழக்கறிஞரோடு உங்களுக்கு என்ன கருத்து வேறுபாடு என்பதை எழுதித் தெரிவியுங்கள்.